பலகையைப் படித்துச் சொன்னது யார்

ராயம்மாளின் கண்ணில் எழுத்து பட்டுவிட்டால் வாய் சும்மா இருக்காது. கடலை மடித்து வந்த காகிதம், லாரியின் பின்பக்கம், சுவரில் ஒட்டிய சினிமா நோட்டீஸ், எதுவானாலும் சத்தமாகப் படித்துவிடுவாள். கன்னியர் பள்ளியில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பென்னாகரம் ரோட்டில், கரட்டுக் குன்றின் அடியில் இருந்த ஜல்லி கிரஷரில் இருபத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். அத்தனை பேரில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மேஸ்திரி மாதையனுக்கே கைநாட்டுத்தான். மத்தியானம் களியைத் தின்றுவிட்டுப் புளியமரத்தடியில் சாயும்போது, "ராயம்மா, இதுல என்னம்மா போட்டுக்குது?" என்று யாராவது ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டுவார்கள். தபால் வந்தால் அவளிடம்தான் வரும். ரேஷன் கடையில் எழுதிப் போட்டால் அவள் வாய்வழியாகத்தான் ஊருக்குத் தெரியும்.

கரட்டில் வெடி வைத்துப் பெயர்த்த கருங்கல்லை ஆண்கள் சம்மட்டியால் உடைப்பார்கள். பெண்கள் அதை இரும்புச் சட்டியில் வாரித் தலையில் வைத்து, சரிவாகப் போட்ட பலகையில் ஏறி, கிரஷரின் வாயில் கொட்டுவார்கள். அது மென்று துப்பிய ஜல்லி ரோட்டு வேலைக்குப் போகும். ராயம்மாளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பலகையில் ஏறும்போது தலைச்சட்டியைக் கையால் பிடிக்கமாட்டாள். ஒகேனக்கல்லுக்குப் போகும் பஸ் தூசி கிளப்பாமல் புதுத் தாரில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தால், "இந்த ரோடு என் தலமேல ஏறி வந்துதுங்க" என்று புருசன் சவுரியப்பனிடம் சொல்வாள். அவன் அதே ஜல்லியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ரோட்டோரம் தட்டுகிறவன். சிரித்துக்கொள்வான்.

எஞ்சினிலிருந்து கிரஷர் சக்கரத்துக்கு ஓடும் பெல்ட், வெயில் ஏறினால் வழுக்கும். வழுக்காமலிருக்க அதன்மேல் பிசின் பொடி தூவ வேண்டும். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்புவதற்குள் உயிர் போய்விடும் என்பதால், ஓடும்போதே தூவுவதுதான் அங்கே வழக்கம். நிதானமான கை என்று மாதையன் அந்த வேலைக்கு ராயம்மாளைத்தான் கூப்பிடுவார். மூன்று வருசமாகத் தூவிக்கொண்டிருந்தாள்.

1968ஆம் வருடம் தை மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை. டப்பாவை இடது கையில் பிடித்து, வலது கையால் பொடியைத் தூவிக்கொண்டிருந்தாள். பெல்ட்டில் ஒட்டுப் போட்ட இடம் பிரிந்து, அதன் நுனி டப்பாவைக் கொத்தி இழுத்தது. அவள் டப்பாவை விடுவதற்குள் கை பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே போய் வந்துவிட்டது. மாதையன் ஓடி எஞ்சினை நிறுத்தினார். எஞ்சின் நின்ற பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது என்று பின்னால் அவள் சொன்னாள்.

முதலாளி நஞ்சப்பன் தன் ஜீப்பிலேயே அவளைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இடது கையில் நான்கு விரல்கள் போயின. கட்டைவிரல் மட்டும் தப்பியது.

நஞ்சப்பனைக் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்து பார்த்தார். ரொட்டி வாங்கி வந்தார், வீட்டுக்கு ஒரு மூட்டை ராகி அனுப்பினார். பதினெட்டாம் நாள் வந்தபோது ஒரு டைப் அடித்த காகிதமும் எழுபத்தைந்து ரூபாயும் கொண்டுவந்தார். பணம் கொடுத்ததற்கு ஒரு கணக்குக்காகத்தான், ஒரு கையெழுத்துப் போடு என்றார். ராயம்மாள் காகிதத்தை வாங்கி முதல் இரண்டு வரியைப் படித்தாள். அவர் கட்டிலோரம் நின்றபடியே, "என்ன ராயம்மா, எம்மேல நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டார். ரொட்டி வாங்கி வந்தவரை நிற்க வைத்துக்கொண்டு மீதியைப் படிக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அவர் போன பிறகு, விட்டுச் சென்ற நகலை முழுசாகப் படித்தாள். விபத்து தன்னுடைய கவனக்குறைவால் நேர்ந்தது என்றும், எழுபத்தைந்து ரூபாயைப் பெற்றுக்கொண்டு மனநிறைவடைந்ததாகவும், இனி இது சம்பந்தமாகத் தனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லையென்றும் அதில் எழுதியிருந்தது. ஊர்க் காகிதமெல்லாம் படித்துச் சொன்னவள் தன் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். விரல் போனதற்கு அழாதவள் அன்றைக்கு அழுதாள்.

அடுத்த கட்டிலில் டைபாய்டு காய்ச்சலுக்குப் படுத்திருந்தவள் தீர்த்தம்மாள். பாலக்கோட்டுப் பக்கத்துக்காரி. ராயம்மாளைவிட இரண்டு மூன்று வயது கூடவோ குறையவோ இருக்கும். புருசன் மின்சாரக் கம்பம் நடும் காண்ட்ராக்டரிடம் வேலை செய்து, கம்பத்தோடு விழுந்து இறந்துபோனவன். அவள் ராயம்மாளின் அழுகையை ஓயவிட்டு, என்ன காகிதம் என்று கேட்டாள். ராயம்மாள் படித்துக் காட்டினாள்.

"எனக்கும் இப்பிடித்தான் ஒண்ண நீட்டுனாங்க," என்றாள் தீர்த்தம்மாள். "எனக்குப் படிக்கத் தெரியாதா, அதனால பயந்துக்கிட்டு கைநாட்டு வெக்கல. லேபர் ஆபீஸ்ல போய் மனு குடுத்தன். சேலத்துல விசாரிச்சாங்க. இதுக்குன்னே ஒரு சட்டம் இருக்குதாம். வேல செய்யற எடத்துல, வேல செய்யறப்ப அடிபட்டா, வேல குடுத்தவங்க நட்டஈடு குடுத்தே ஆவணும்."

"கவனக்கொறவா இருந்தா?"

"அத நான் கேக்கல. என் வூட்டுக்காரர் செத்தே போயிட்டாரு. நீ போய்க் கேளு. உனக்குத்தான் படிக்கத் தெரியுதே."

வீட்டுக்கு வந்து காயம் ஆறியதும், ஒரு திங்கட்கிழமை ராயம்மாள் தருமபுரிக்குப் பஸ் ஏறினாள். சவுரியப்பன் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவன் வண்டி ஓடுவது நஞ்சப்பனின் ஜல்லியை நம்பித்தான்.

லேபர் ஆபீஸில் இருந்த இன்ஸ்பெக்டருக்கு அவசரம். எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் கையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். முதலில் முதலாளிக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டும், அவர் கொடுக்காவிட்டால் சேலத்தில் உள்ள நட்டஈட்டுக் கமிஷனருக்கு மனுப் போட வேண்டும், இரண்டு வருசத்துக்குள் போட்டுவிட வேண்டும் என்று மளமளவென்று சொன்னார். அவள் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். சேலத்துத் தொழிற்சங்கம் ஒன்று அந்தச் சட்டத்தைத் தமிழில் சுருக்கி அச்சடித்தது. படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று அவள் சொன்ன வேகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் திருப்பிக் கொடு என்று கொடுத்தார்.

அந்த ஒரு வாரம் அவள் வேறெதையும் படிக்கவில்லை. காகிதத் தமிழ் கரடுமுரடாக இருந்தது. 'வேலையினின்று எழுந்ததும் வேலையின் போக்கில் நேர்ந்ததுமான விபத்து' என்ற ஒரு வரியை விளங்கிக்கொள்ள ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. களி கிண்டும்போதும் அந்த வரியைச் சொல்லிப் பார்த்தாள். பொடி தூவுவது வேலையா? வேலை. பொடி தூவியதால்தான் கை போனதா? ஆமாம். அப்படியானால் தூவச் சொன்ன வேலைதான் கையைக் கொண்டுபோனது. அவ்வளவுதான் அந்த வரி. யார் மேல் தப்பு என்று சட்டம் கேட்கவே இல்லை. கவனமாக இருந்தாளா, பேசிக்கொண்டிருந்தாளா என்பதும் அதற்கு வேண்டியதில்லை. வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்த ஒரு பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியிருந்தால் மட்டும்தான் முதலாளி தப்பலாம். அப்படி ஒரு கட்டளையை அவளுக்கு யாரும் போட்டதில்லை.

தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்ற இடத்துக்கு வந்தபோது, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து அவள் போட்ட கையெழுத்து, போடாத கையெழுத்துக்குச் சமம். நெஞ்சில் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கி அப்பால் வைத்த மாதிரி இருந்தது.

புத்தகத்தின் கடைசியில் ஒரு பட்டியல். கண், காது, கால், முழங்கை, கட்டைவிரல், கால் பெருவிரல் என்று உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து எழுதி, எதிரே நூற்றுக்கு இத்தனை என்று எண் போட்டிருந்தார்கள். அவள் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். 'ஒரு கையின் நான்கு விரல்களை இழத்தல் – 50'. அந்த வரியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தன் கையில் நடந்ததை, நடப்பதற்கு எத்தனையோ வருசம் முன்னாலேயே யாரோ அச்சில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அப்படியானால் இது அவளுக்கு மட்டும் வந்த கெட்ட காலம் அல்ல. எங்கெங்கேயோ எத்தனையோ பேருடைய விரல்கள் போயிருக்கின்றன. போனவர்களில் எவரோ கேட்டிருக்கிறார்கள். கேட்டதனால் இது எழுதப்பட்டிருக்கிறது.

சவுரியப்பனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் வேறெதுவும் கேட்கவில்லை. அந்த எண்ணைப் பற்றி மட்டும் கேட்டான்.

"அம்பதுன்னா, உன்னப் பாதி ஆளுன்னு சொல்றாங்களா?"

"என்னய இல்லீங்க, என் கூலிய. சம்பாதிக்கற தெம்புல பாதி போச்சுன்னு கணக்கு. நான் முழுசாத்தான் இருக்கறன்."

அவன் மாட்டுக்குத் தீனி போட்டான். பிறகு, எழுத வேண்டியதை எழுது, தபாலில் சேர்க்கிறேன் என்றான்.

வலது கை நன்றாகத்தானே இருந்தது. அவளே எழுதினாள். எந்த நாள், எந்த நேரம், என்ன வேலை, யார் சொல்லிச் செய்தது, என்ன ஆனது என்று ஒரு பக்கம். ரிஜிஸ்தர் தபாலில் போனது. மறுவாரமே நஞ்சப்பன் அவள் வீட்டுக்கு வந்துவிட்டார். கோபம்கூட இல்லை அவர் முகத்தில், மனத்தாங்கல்தான். தபால்காரன் முன்னால் கையெழுத்துப் போட்டு வாங்க வைத்துவிட்டாயே என்றார். கையைப் பிடித்துக்கொண்டு ஓடியது யார், ராகி அனுப்பியது யார் என்று கேட்டார். பால் கறக்கிற ஒரு ஆடு தருவதாகவும், கிரஷரில் தண்ணீர் ஊற்றும் வேலை போட்டுத் தருவதாகவும் சொன்னார்.

"மொதலாளி, நீங்க செஞ்சத நான் மறக்கலீங்க," என்றாள் ராயம்மாள். "அது உங்க தருமம். நான் கேக்கறது அது இல்லீங்க. நான் உங்ககிட்ட வேல செஞ்சன். வேலைக்குக் கூலி எப்பிடியோ, இதுவும் அப்பிடித்தான்."

"கூலியும் இதுவும் ஒண்ணா?"

"புஸ்தகத்துல அப்பிடித்தாங்க போட்டுக்குது."

அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளிலிருந்து சவுரியப்பனின் வண்டிக்கு ஜல்லி ஏற்றவில்லை. அவன் வாயைத் திறக்காமல் பென்னாகரம் பக்கம் போய்ப் புளி மூட்டை ஏற்ற ஆரம்பித்தான். தூரம் அதிகம். இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். வந்தால், மனு என்ன ஆயிற்று என்று அவன்தான் முதலில் கேட்பான். இன்ஸ்பெக்டர் சொன்ன பாரத்தை வாங்கிப் பூர்த்தி செய்து, டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி, மனுவைக் கமிஷனருக்கு அனுப்பினாள். ஆடி போய் ஆவணி வந்தது. ஐப்பசியில் சேலத்தில் விசாரணைக்கு நாள் குறித்துத் தபால் வந்தது.

விசாரணைக்குச் சவுரியப்பனும் கூட வந்தான். அது ஒரு சின்ன அறையில்தான் நடந்தது. ஃபேன் ஒன்று கிறுகிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர், அவர்தான் கமிஷனர். நஞ்சப்பன் வக்கீலோடு வந்திருந்தார். அவர்களுக்குப் பின்னால், வெளுத்த வேட்டி கட்டி, மேஸ்திரி மாதையன் சுவரோடு ஒட்டி நின்றார். ராயம்மாளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி தரப்புச் சாட்சியாக அவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. தூவச் சொன்னவரே அவர்தான்.

வக்கீல் உண்டா என்று கமிஷனர் கேட்டார். இல்லை, நானே பேசுகிறேன் என்றாள். சரி என்று எழுதிக்கொண்டார்.

வக்கீல் எழுந்து மூன்று விஷயம் சொன்னார். முதலாவது, இவள் நாள்கூலிக்கு வந்து போகிறவள், கிரஷரின் தொழிலாளியே அல்ல. இரண்டாவது, பணம் வாங்கிக்கொண்டு இனி பாத்தியதை இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கமிஷனர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்து, "இது செல்லாதுன்னு உங்களுக்கே தெரியும்" என்று வக்கீலிடம் திருப்பிக் கொடுத்தார். ராயம்மாளுக்கு, தான் களி கிண்டிக்கொண்டே படித்ததை அப்படியே அந்த மனிதர் வாயால் கேட்டதில் முதுகு நிமிர்ந்தது. முதல் விஷயத்துக்கு, எத்தனை வருசமாக வேலை, என்ன வேலை என்று அவளையே கேட்டார். மூன்று வருசம், கல் சுமந்தேன், பெல்ட்டுக்குப் பொடி தூவினேன் என்றாள். அந்தக் கல்லை அரைத்து விற்பதுதானே உங்கள் வியாபாரம் என்று நஞ்சப்பனைக் கேட்டார். நஞ்சப்பன் ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது.

மூன்றாவது விஷயத்தை வக்கீல் கடைசிக்கு வைத்திருந்தார். எஞ்சின் கொட்டகையில், 'ஓடும் பெல்ட்டின் அருகே யாரும் செல்லக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதிய எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அந்தக் கட்டளையை மீறி இவள் வேண்டுமென்றே போனாள். ஆகவே சட்டப்படி நட்டஈடு கிடையாது. பலகை பொருத்தியிருக்கும் போட்டோவையும் நீட்டினார்.

ராயம்மாள் அந்தப் போட்டோவை வாங்கிப் பார்த்தாள். கொட்டகை அதேதான். பலகையை அவள் பார்த்ததே இல்லை. பயம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. இவ்வளவு பெரிய எழுத்து அங்கே இருந்து, அது எப்படித் தன் கண்ணில் படாமல் போகும்?

மாதையனைக் கூப்பிட்டார்கள். பலகை கொட்டகையில் இருக்கிறதா என்று வக்கீல் கேட்டார். இருக்கிறது என்றார் மாதையன். அதில் பெல்ட் பக்கம் போகக் கூடாது என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருக்கிறது. அதை மாட்டியது யார்? நான்தான். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எப்போது மாட்டினீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

சாட்சியை ஏதாவது கேட்க வேண்டுமா என்று கமிஷனர் ராயம்மாளைப் பார்த்தார்.

அவள் எழுந்தாள். முந்தானையால் மூடியிருந்த இடது கையை வெளியே எடுத்து மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். யாருக்கும் காட்டுவதற்காக அல்ல, நிற்பதற்கு ஒரு பிடி வேண்டியிருந்தது.

"மேஸ்திரிண்ணா," என்றாள். "உங்களுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பலகையில இன்னதுதான் எழுதிருக்குதுன்னு உங்களுக்கு யாரு படிச்சுச் சொன்னாங்க?"

மாதையன் நஞ்சப்பனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். கமிஷனர் பேனாவைக் கீழே வைத்தார்.

"லாரி டிரைவர் சொன்னாரு," என்றார் கடைசியில்.

"இருபத்திரண்டு பேருக்கும் எல்லாத்தையும் நான்தான படிச்சுச் சொல்லுவன். இத மட்டும் ஏன் லாரி டிரைவர் சொன்னாரு?"

"நீ அங்க இல்லியேம்மா. ஆஸ்பத்திரில இருந்த."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று மாதையனுக்குப் புரிந்தது போலிருந்தது. ஆனால் அவர் அதைத் திருப்பி வாங்கப் பார்க்கவில்லை. கமிஷனர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"சாமி, மறைக்கலீங்க. கையி போயி ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பலகை வந்துது. ஆணி அடிச்சு மாட்டச் சொன்னாங்க, மாட்டுனன். மூணு நாளு அது தலகீழாத் தொங்குச்சுங்க. எங்க யாருக்கும் தெரியல. ஜல்லி ஏத்த வந்த டிரைவர் பாத்துட்டுச் சிரிச்சாரு. அப்புறந்தான் திருப்பி அடிச்சன். ராயம்மா இருந்திருந்தா மொத ஆணிக்கே சொல்லிருக்கும். பெல்ட்டுக்குப் பொடி தூவச் சொன்னதும் நான்தாங்க. தெனமும் சொல்லுவன்."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். கமிஷனர் சிரிக்கவில்லை. 'தலைகீழாக' என்ற சொல்லையும் விடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னார். அப்புறம் ராயம்மாளிடம், வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அவள் இல்லை என்று உட்கார்ந்தாள்.

வெளியே வந்தபோது நஞ்சப்பனின் ஜீப் புறப்பட்டுவிட்டது. காலையில் அதில் வந்த மாதையன் வாசலில் நின்றார். கையில் பஸ்ஸுக்குக் காசில்லை. சவுரியப்பன் எதுவும் கேட்காமல் மூன்று டிக்கெட் வாங்கினான். தொப்பூர் கணவாய் ஏறும்வரை மாதையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எதிரா சொல்லத்தாம்மா வந்தன்," என்றார் திடீரென்று. "வழியெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. நெனப்புலதான் இருந்துது. நீ யாரு படிச்சுச் சொன்னான்னு கேட்ட பாரு, அதுக்கு அவங்க ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியே. உள்ளத சொல்லிட்டன்."

"தெரிஞ்சுதான கேட்டன்," என்றாள் அவள். உண்மையில் பலகை தலைகீழாகத் தொங்கியது அவளுக்குத் தெரியாது. தான் இருக்கும் இடத்தில் ஒரு எழுத்து படிக்கப்படாமல் இருக்காது என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

சவுரியப்பன் அதிகம் பேசாத மனுசன். அன்றைக்கு அவனுக்கு வாய் நிற்கவில்லை. முன் சீட்டில் இருந்தவர் எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், பக்கத்து ஆளையும் சேர்த்து வைத்துக்கொண்டு முழுக்கதையையும் சொன்னான். வக்கீலுக்கு எதிரில் என் வீட்டுக்காரி எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள் என்றான். நல்லம்பள்ளியில் ஏறியவர்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். ராயம்மாள் அவன் கையைக் கிள்ளி நிறுத்தப் பார்த்தாள். ஆனாலும் காது அவன் பக்கம்தான் இருந்தது.

தீர்ப்பு தபாலில் வர இரண்டு மாதம் ஆனது. அது பள்ளியில் படித்த தமிழாகவும் இல்லை, பேசுகிற தமிழாகவும் இல்லை. ஆனால் அவளுக்கு இப்போது அந்தப் பாஷை பழகியிருந்தது. மனுதாரர் சட்டத்தின் பொருளில் தொழிலாளியே என்றும், விபத்து வேலையினின்று எழுந்ததே என்றும், எதிர்மனுதாரர் முழு நட்டஈட்டையும் கட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. 'தொழிலாளி' என்ற இடத்தில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். இத்தனை வருசம் அவளைக் கூலிக்காரி என்றார்கள், சட்டிக்காரி என்றார்கள். இந்தச் சொல்லை அவள் பெயருக்குப் பக்கத்தில் யாரும் எழுதியதில்லை. தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். வழக்கம்போலச் சத்தமாகப் படித்தாள். இன்னொரு தடவை படி என்றார்கள். படித்தாள்.

நஞ்சப்பன் மேல்முறையீடு என்று கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்தார். பிறகு தவணை தப்பாமல் கட்டிவிட்டார். மாதையனோடு முகம் கொடுத்துப் பேசுவதை மட்டும் நிறுத்தினார். வேலையைவிட்டு நிறுத்த முடியவில்லை, அந்த எஞ்சினின் கோளாறு வேறு யார் கைக்கும் அடங்காது. ராயம்மாளும் சவுரியப்பனும் அந்தத் தொகையில் தங்கள் மேட்டுக்காட்டு நிலத்தில் கிணறு வெட்டினார்கள். முப்பதடியில் தண்ணீர் வந்தது. ஒரு கையால் நாற்றுப் பிடித்து மறு கையால் நட முடியாது என்று முதலில் மலைத்தாள். பிறகு கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே நாற்று முடியை இடுக்கிக்கொள்ளப் பழகினாள். புது மனுசர் யாராவது கையைப் பார்த்து அய்யோ பாவம் என்றால், "பாவமெல்லாம் இல்லீங்க, வேலையில போனது" என்பாள்.

தீர்ப்பு வந்த அடுத்த வருசம் மாசியில், பென்னாகரம் சந்தையில் நஞ்சப்பன் எதிரே வந்தார். அவள் ஒதுங்கப் பார்த்தாள். அவர் நின்றார்.

"ராயம்மா, பெல்ட்டுக்குக் கம்பிக்கூண்டு போட்டாச்சு. இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டு நல்லாருக்குதுன்னாரு. வந்து பாரு ஒருநாள்."

போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் போனாள். விபத்துக்குப் பிறகு அவள் கிரஷர் பக்கம் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. சரிவுப் பலகையில் ஏறிக்கொண்டிருந்த பழைய கூட்டாளி சின்னம்மாள் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே, ஆள் உயரத்துக்கு இரும்புச் சட்டம் அடித்து வலை போட்டிருந்தது. மேலே ஒரு சின்ன வாய் வைத்து, பொடி தூவ நீளக் காம்பு போட்ட ஒரு கரண்டியும் தொங்கியது. கரண்டி யோசனை மாதையனுடையது. நஞ்சப்பன் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்த மாதிரி தட்டித் தட்டிக் காட்டினார்.

ராயம்மாள் கூண்டைச் சுற்றி வந்தாள். குந்தி உட்கார்ந்து கீழே பார்த்தாள். சக்கரம் சுழலும் பக்கம், வலைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது.

"இங்க தொறந்து கெடக்குதுங்க. குனிஞ்சு கல்லுப் பொறுக்கறவங்க முந்தானை உள்ள போவும்."

"இன்ஸ்பெக்டரே ஒண்ணும் சொல்லல," என்றார் நஞ்சப்பன்.

"அவரு வேட்டி கட்டறவருங்க. பொம்பளைங்க முந்தானையில என்ன நடக்கும்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

நஞ்சப்பன் குனிந்து பார்த்தார். பிறகு, ஒரு வருசமாகக் கூப்பிடாத பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். மாதையன் ஓடி வந்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார் நஞ்சப்பன், கீழேயும் வலை அடிக்கச் சொன்னார். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்ப அரைமணி ஆகுமே என்றார் மாதையன். ஆகட்டும் என்றார் முதலாளி.

வேலை முடியும்வரை ராயம்மாள் அங்கேயேதான் நின்றாள். கடைசி ஆணி அடித்ததும் மாதையன் நிமிர்ந்து, சரியா என்று அவளைத்தான் கேட்டார். அவள் குனிந்து ஒரு முறை முந்தானை நுனியை விட்டுப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. சரி என்றாள்.